முதுமையும் தனிமையும்: இல்லப் பராமரிப்பில் மஹல்லாவின் இடம்

கணவர் மறைந்தபின் ஒரு பெண் இத்தா இருக்கும் நான்கு மாதமும் பத்து நாளும் அவ்வீட்டில் ஆள்நடமாட்டம் குறைவதில்லை. நெருங்கிய உறவினரும் தூரத்து உறவினரும் வந்து செல்கின்றனர். வெளிநாட்டிலுள்ள மக்கள் நாள்தோறும் தொலைபேசியில் அழைக்கின்றனர். இரவில் யாரேனும் ஒருத்தி துணைக்குப் படுத்துக்கொள்கின்றாள். அவள் வெளியே செல்லாதவள் என்பதால் ஊரே அவளிடம் வருகின்றது. பிறகு இத்தா முடிகின்றது. வெளியே செல்ல இப்போது அவளுக்குத் தடையேதும் இல்லை. ஆயின் எழுபத்தைந்து வயதில், மூட்டுவலியோடு, மூன்றாம் மாடியிலிருந்து இறங்கி அவள் எங்கே செல்வாள்? வந்துகொண்டிருந்தவர்களோ கடமை முடிந்ததென ஓய்ந்துவிடுகின்றனர். தியாகராய நகரிலும் மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் நான் அறிந்த பல குடும்பங்களில், மூதாட்டியரின் தனிமை இத்தா முடிந்த அடுத்த வாரத்தில்தான் தொடங்கியிருக்கின்றது.

தனிமை என்னும் ஒரே சொல்லால் நாம் இரு வேறு நிலைகளைக் குறிக்கின்றோம். ஆளின்றித் தனித்திருத்தல் ஒன்று. ஆள் இருந்தும் தமக்கெனப் பேச எவருமில்லை என்று உணர்தல் மற்றொன்று. முதலாவதைப் புறத்தே நின்று எண்ணிக் கணக்கிடலாம். இரண்டாவதை உரியவரைக் கேட்டே அறிய இயலும். அறபு மொழியில் இவ்வேறுபாடு தெளிவாகவே உள்ளது. தனித்திருப்பதற்கு கல்வத் என்பர். அதனை ஆன்மிகச் சாதகர் தாமே விரும்பி மேற்கொள்வதும் உண்டு. வஹ்ஷத் என்பது வேறு. துணையற்ற வெறுமையையும் அதனால் நெஞ்சில் ஏற்படும் அச்சத்தையும் அது குறிக்கின்றது. அதன் எதிர்ச்சொல் உன்ஸ். ஒருவர் அருகிருப்பதால் கிடைக்கும் மனவிணக்கம் என அதற்குப் பொருள் கொள்ளலாம். மனிதனைக் குறிக்கும் இன்ஸான் என்னும் சொல்லே இந்த உன்ஸ் என்பதினின்று பிறந்ததாகக் கருதும் மொழியறிஞரும் உளர். முதியோருக்கான இல்லப் பராமரிப்பைப் பற்றிச் சிந்திக்கும்போது இவ்விரு சொற்களையும் மனத்தில் இருத்திக்கொள்வது நலம். இன்று நம் நகரில் விலைக்குக் கிடைக்கும் பராமரிப்பு கல்வத்தை நீக்குகின்றது; வஹ்ஷத்தைப் பெரும்பாலும் தொடுவதே இல்லை.

தமிழகம் இந்தியாவின் ஏனைய பல மாநிலங்களைவிட விரைந்து முதுமையடைந்து வருகின்றது. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அறுபது வயதைக் கடந்தோர் இங்கு நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று மேல் இருந்தனர். 2021இல் அது 13.6 விழுக்காடாக இருக்குமென்றும், 2031இல் 18.2 விழுக்காடாக உயருமென்றும் மத்திய அரசின் மதிப்பீடுகள் கூறின. கேரளத்துக்கு அடுத்த இடம் தமிழகத்துக்கே. பிறப்பு விகிதம் குறைந்ததும் ஆயுள் நீண்டதுமே இதற்குக் காரணம், இரண்டும் வரவேற்கத்தக்கவையே. ஆயினும் ஆறு மக்களைப் பெற்ற தாயின் முதுமைக்கும் இரு மக்களைப் பெற்று அவ்விருவரையும் கடல் கடந்து அனுப்பிய தாயின் முதுமைக்கும் உள்ள தொலைவு பெரிது.

சென்னையின் இப்பகுதிகளில் இம்மாற்றம் கண்கூடாகத் தெரிகின்றது. கிணறும் திண்ணையும் இருந்த தனி வீடுகள் இடிக்கப்பட்டு, அதே மனையில் ஆறு அல்லது எட்டுக் குடியிருப்புகள் எழுந்துள்ளன. இடிப்பதற்கு ஒப்புதல் தந்த முதியவருக்கு அவற்றுள் ஒன்று கிடைக்கின்றது. மக்கள் வளைகுடாவிலோ அமெரிக்காவிலோ பெங்களூரிலோ இருக்கின்றனர். பழைய தெருவில் தெரிந்த முகங்கள் ஒவ்வொன்றாக மறைய, அடுத்த கதவில் இருப்பவரின் பெயரும் தெரியாத நிலை உருவாகின்றது. மயிலாப்பூர்க் கச்சேரி சாலைப் பள்ளிவாசலைச் சுற்றியும் இராயப்பேட்டையிலும் தலைமுறைகளாக வாழும் உருது பேசும் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. தெற்கிலிருந்து வணிகத்தின் பொருட்டு வந்து தங்கிய தமிழ் முஸ்லிம் குடும்பங்களும் விலக்கல்ல.

பின்னவர்களின் நிலையில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் வீடு பெண்மக்களுக்கு உரியது. மணமான மகள் தாய்வீட்டிலேயே வாழ, மருமகன் அங்கு வருவார். ஆகவே அங்கு ஒரு மூதாட்டி மகளும் பேத்தியும் சூழவே முதுமை எய்துகின்றாள். காயல்பட்டினத்தின் வீடுகளை ஊடறுத்துச் செல்லும் முடுக்குகள் என்னும் குறுஞ்சந்துகள், பெண்கள் பெருந்தெருவுக்கு வராமலேயே ஒருவர் வீட்டுக்கு மற்றவர் சென்றுவர வழிசெய்தன. கட்டடக் கலை பற்றி எழுதுவோர் அவற்றைப் பர்தா முறையோடு மட்டும் இணைத்துப் பேசுவர். ஒரு முதியவள் நாளொன்றுக்கு நான்கு வீடுகளில் அமர்ந்து பேசிவர அவை உதவின என்பதே எனக்குப் பெரிதாகப் படுகின்றது. அத்தகைய ஊரிலிருந்து மகனின் சென்னைக் குடியிருப்புக்கு அழைத்துவரப்பட்ட ஒரு தாய், மருத்துவ வசதியைப் பெற்று முடுக்கை இழக்கின்றாள்.

இந்த இழப்பு உள்ளத்தை மட்டும் வாட்டுவதில்லை. உலக சுகாதார நிறுவனம் சமூகத் தொடர்பைக் குறித்து அமைத்த ஆணைக்குழு 2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தன் அறிக்கையை வெளியிட்டது. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையுணர்வுக்கு ஆளாகியுள்ளார் என்றும், ஆண்டுதோறும் ஏறத்தாழ 8,71,000 மரணங்களோடு அது தொடர்புடையது என்றும் அவ்வறிக்கை மதிப்பிட்டது. மறதிநோய் குறித்து ஆராய்ந்த லான்செட் ஆணைக்குழு 2024இல் வெளியிட்ட பட்டியலில், மாற்றியமைக்கக்கூடிய பதினான்கு காரணிகளுள் சமூகத் தனிமையும் இடம்பெற்றுள்ளது. செவித்திறன் குறைவும் பார்வைக் குறைவும் அப்பட்டியலில் உள்ளன. இவை ஒன்றோடொன்று பின்னியவை. காது கேளாதவர் பேச்சில் கலந்துகொள்ள வெட்கப்படுகின்றார். கலந்துகொள்ளாதவரிடம் பேசுவதைப் பிறர் குறைத்துக்கொள்கின்றனர். தமக்கென மட்டும் உலை வைக்க மனமின்றி ஒருத்தி இரவில் இரண்டு ரொட்டியோடு முடித்துக்கொள்கின்றாள், உணவு குறைய, நீரிழிவு மாத்திரை தன் அளவை மீறி வேலை செய்கின்றது, மயங்கி விழுகின்றாள், இடுப்பெலும்பு முறிகின்றது. மருத்துவமனைக் குறிப்பில் எலும்பு முறிவு என்றே எழுதப்படும்.

முதியோர் நலனில் சென்னைக்கு ஒரு முன்னோடி வரலாறு உண்டு. 1978ஆம் ஆண்டில், அரசு பொது மருத்துவமனையில் மருத்துவர் வ.செ. நடராசன் முதியோருக்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவில் அத்தகைய முதல் பிரிவு அதுவே. சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கான பட்டமேற்படிப்பு 1996இல் வந்தது. சாவித்திரி வைத்தி ஆதரவற்ற மூதாட்டியருக்காக ‘விச்ராந்தி’ இல்லத்தை ஏற்படுத்தியதும், ஹெல்ப்பேஜ் இந்தியா நிறுவப்பெற்றதும் அதே 1978ஆம் ஆண்டில்தான். கிண்டியில் கிங் ஆய்வகத்துக்கு அருகே முதியோருக்கான தேசிய மருத்துவ மையம் 2024இல் திறக்கப்பட்டது. இவை யாவும் போற்றத்தக்கவை. எனினும் இவற்றுள் பெரும்பாலானவை முதியவர் தம் வீட்டைவிட்டு வெளியேறி ஓரிடத்துக்கு வருவதை வேண்டுவன. படியிறங்க இயலாதவருக்கும், முதியோர் இல்லம் என்ற சொல்லையே தம் மக்களுக்கு இழுக்கெனக் கருதுபவருக்கும் வீடு தேடி வரும் உதவியே உதவி. நம் சமுதாயத்தில் இவ்விரண்டாம் வகையினர் மிகுதி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வீடு தேடி வரும் உதவி இன்று ஒரு வணிகமாகப் பரவியுள்ளது. ஏஜென்சி ஒன்றில் பதிவு செய்தால் பன்னிரண்டு மணி நேரத்துக்கோ முழு நாளுக்கோ ஒரு பெண்ணை அனுப்புவர். ஹோம் நர்ஸ் என்று மக்கள் அழைத்தாலும் இவர்களுள் செவிலியர் படிப்பு முடித்தோர் சிலரே. ஏனையோர் சில வாரப் பயிற்சி பெற்ற உதவியாளர்கள். குளிப்பாட்டுதல், உடை மாற்றுதல், மாத்திரை கொடுத்தல், இரத்த அழுத்தம் பார்த்தல், படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்தல் ஆகியன இவர்களின் பணி. ஏஜென்சி தரும் குறிப்பேட்டில் இவை ஒவ்வொன்றுக்கும் கட்டம் உண்டு. முதியவரிடம் இன்று எவ்வளவு நேரம் பேசினார் என்பதற்குக் கட்டம் இருந்த குறிப்பேட்டை நான் கண்டதில்லை.

இதனை ஒரு நேரடி அனுபவத்தால் விளக்கலாம். தியாகராய நகரில் வசிக்கும் என் மாமியார் ஒருவர், அதாவது என் தந்தையின் ஒன்றுவிட்ட சகோதரி, கீழக்கரையில் பிறந்தவர். கணவரை இழந்த பின் மக்கள் அவருக்கு முழுநேர உதவியாளரை அமர்த்தினர். பதினோரு மாதத்தில் ஆறு பேர் மாறினர். ஒருவர் ஊர்த் திருவிழாவுக்குச் சென்று திரும்பவில்லை. ஒருவரை ஏஜென்சியே வேறு வீட்டுக்கு மாற்றியது. ஒருவர் நாள் முழுதும் கைப்பேசியில் மூழ்கியிருந்தார். ஒவ்வொரு முறையும் மாமி தம் மாத்திரைகளின் வரிசையையும், வுளூச் செய்ய வேண்டிய வெந்நீரின் சூட்டையும், எந்தக் காதில் பேச வேண்டும் என்பதையும் முதலிலிருந்து சொல்லித்தர வேண்டியிருந்தது. நான்காவது ஆளுக்குப் பின் சொல்வதை நிறுத்திவிட்டார். அவருக்கு மறதிநோய் தொடங்கிவிட்டதோ என மக்கள் அஞ்சினர். சோதித்த மருத்துவர் அப்படி ஒன்றும் இல்லை என்றார்.

ஆறாவதாக வந்தவர் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த, நாற்பது வயதைக் கடந்த ஓர் இந்துப் பெண்மணி. அவர் தங்கிவிட்டார். அதற்கு அவரது பயிற்சி காரணமன்று என்றே நினைக்கின்றேன். வந்த சில நாளில் அவர், “அம்மா, தொதல்னு சொல்றாங்களே, அது எப்படிச் செய்யறது?” என்று கேட்டிருக்கின்றார். தொதல் கிளறுவது மணிக்கணக்கான வேலை. நாற்காலியைச் சமையலறை வாயிலில் போடச் சொல்லி மாமி அமர்ந்து, தேங்காய்ப்பால் எப்போது, எண்ணெய் பிரிவது எப்படி, எங்கே கையை நிறுத்தக் கூடாது என்று அதட்டியும் சிரித்தும் ஒரு பிற்பகலைக் கழித்தார். நெடுநாளைக்குப் பின் அன்றுதான் அவர் ஒருவருக்குக் கற்றுக்கொடுப்பவராக இருந்தார். முதியவரைப் பெறுபவராக மட்டும் வைத்திருக்கும் பராமரிப்பு அவரது உடலைக் கழுவித் துடைக்கலாம். அவருக்கு அந்த நாளில் எழுந்திருக்க ஒரு காரணத்தைத் தர இயலாது.

இவ்விடத்தில் உதவியாளர்களின் நிலையையும் கருத வேண்டும். முழுநேரப் பணியிலிருக்கும் பெண் தன் குழந்தைகளைத் தாயிடம் விட்டுவிட்டு வந்தவள். அவளும் அந்தக் கதவுக்குள் தனித்தவளே. குடும்பம் ஏஜென்சிக்குச் செலுத்தும் தொகையில் ஒரு பகுதி கழிந்தே அவள் கைக்குச் சேர்கின்றது. வார விடுமுறை பெரும்பாலும் வாய்ப்பேச்சோடு நின்றுவிடுகின்றது. தமிழக அரசு வீட்டுப் பணியாளர்களுக்கென 2007இல் ஒரு நலவாரியத்தை அமைத்தது. தம் வீட்டு உதவியாளர் அதில் பதிவு பெற்றவரா எனக் கேட்டறிந்த குடும்பத்தை நான் இதுவரை சந்திக்கவில்லை. ஆள் மாறாமல் இருப்பதே தனிமைக்கு முதல் மருந்து என்றால், ஆள் மாறாமல் இருக்கத் தக்க கூலியும் ஓய்வும் அம்மருந்தின் விலையாகும். இங்கு கஞ்சத்தனம் காட்டுவோர், தாயின் பெயரால் அவ்வப்போது செய்யும் தர்மங்களில் தாராளமாக இருப்பதைப் பார்த்திருக்கின்றேன்.

அரசின் ஏற்பாடுகளும் உள்ளன. 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் பெண் தன்னார்வலர்கள் வீடுகளுக்கே சென்று நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகளை வழங்குகின்றனர். படுக்கையில் இருப்போருக்கு நோய்த்தணிப்புச் சேவையும் இயன்முறை மருத்துவமும் அதில் அடங்கும். 2021இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த 14567 என்னும் முதியோர் உதவி எண்ணில் தகவலும் ஆலோசனையும் கிடைக்கும். எழுபத்தைந்து வயதைக் கடந்து தனியே வாழ்வோருக்கென சென்னைக் காவல்துறை 2023இல் ‘பந்தம்’ என்னும் திட்டத்தைக் கொண்டுவந்தது. பெற்றோரைக் கைவிடும் மக்களிடமிருந்து பராமரிப்புத் தொகை பெற்றுத்தர 2007ஆம் ஆண்டின் சட்டம் வழிசெய்கின்றது. ஆனால் நான் பேசும் வீடுகளில் தொகைக்குக் குறைவில்லை. மகன் மாதந்தோறும் அனுப்பிவிடுகின்றான். மாத்திரையும் அடுத்த தெரு மருந்துக்கடையிலிருந்து வந்துவிடும். அழைப்பு மணி ஒலித்தால் கதவைத் திறக்கத்தான் அச்சம். 2022இல் மயிலாப்பூரில் ஒரு முதிய தம்பதியர் தம் வீட்டிலேயே கொலையுண்ட செய்திக்குப் பின் அவ்வச்சம் இப்பகுதிகளில் மேலும் கூடியது. முன்பின் அறியாத தன்னார்வலருக்கு அக்கதவு திறவாது. அறிந்தவர் ஒருவர் அறிமுகம் செய்ய வேண்டும்.

மும்பையில் 1995இல் ஷீலு சீனிவாசன் தொடங்கி, சென்னைக்கும் விரிந்த டிக்னிட்டி ஃபவுண்டேஷன், முதியோரின் தனிமையையே தன் முதற்கவலையாகக் கொண்ட அமைப்பு. முதியவரை வீட்டில் சந்தித்துப் பேசுவதும் ஒரு சேவையே என்று இந்நாட்டில் எடுத்துக்காட்டியோருள் அவ்வமைப்பினர் முன்னிற்போர். இருப்பினும் ஒரு மாநகர் முழுதையும் ஓர் அமைப்பு நடந்து முடிக்க முடியாது.

நம் மரபில் இதற்கு என்ன வழி காணப்படுகின்றது? அல்குர்ஆனின் பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தில் 23, 24ஆம் வசனங்களை நாம் அடிக்கடி மேடைகளில் கேட்கின்றோம். பெற்றோரைச் ‘சீ’ என்றும் சொல்லலாகாது என்பதோடு பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடும். அங்கே முதுமையைப் பற்றிக் கூறுமிடத்தில் ‘இந்தக்க’ என்றொரு சொல் வருகின்றது. ‘உன்னிடத்தில்’ என்பது அதன் பொருள். பெற்றோர் எங்கோ முதுமை எய்துவதாக அன்றி, மகனின் அருகில், அவன் பொறுப்பில் அந்நிலையை அடைவதாகவே வசனம் அமைந்துள்ளது. துபாயிலிருந்து பணம் அனுப்பும் மகன் இச்சொல்லை எவ்வாறு நிறைவேற்றுவான் என்பது எளிய வினா அன்று. அவனைக் கடிந்துகொள்வதில் பயனில்லை; அவன் உழைப்பில்தான் அந்த வீடே நிற்கின்றது. தனக்குப் பதிலாக அருகிருப்போர் சிலரை ஏற்படுத்துவது அவனால் இயலும் என்பதே இங்கு குறிப்பிடத்தக்கது.

ஸுயூத்தி தம் ‘தாரீகுல் குலஃபா’வில் ஒரு நிகழ்ச்சியைப் பதிந்துள்ளார். மதீனாவின் ஓரத்தில் பார்வையற்ற மூதாட்டி ஒருவர் வாழ்ந்து வந்தார். உமர் (ரழி) இரவில் சென்று அவருக்கு நீர் இறைத்துக் கொடுத்து, வேண்டியன செய்துவருவது வழக்கம். சில நாள் அவர் சென்றபோது வேலைகள் முன்னரே முடிந்திருந்தன. யார் முந்திக்கொள்வது என அறிய மறைந்திருந்து பார்த்தார். வந்தவர் அபூபக்கர் (ரழி). அப்போது அவர் கலீஃபா. இந்நிகழ்ச்சியை நாம் கலீஃபாவின் பணிவுக்குச் சான்றாகவே எடுத்தாள்கின்றோம். அம்மூதாட்டியின் பக்கமிருந்து நோக்கினால் இது ஓர் இல்லப் பராமரிப்பு. நாள் தவறாமல், அவர் இருக்கும் இடத்துக்கே, அதே கைகள் வந்து செய்த உதவி.

பிற்காலத்தில் இது நிறுவன வடிவமும் பெற்றது. 1284–85இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனையின் வக்ஃப் ஏற்பாடு, வீட்டில் நோயுற்றுக் கிடக்கும் ஏழைகளுக்கும் மருந்தும் உணவும் சென்றுசேர வகைசெய்தது. அதனினும் என்னைக் கவர்ந்தது மொராக்கோவின் ஃபெஸ் நகரில் இருந்த ஒரு வக்ஃப். நோயாளிகளுக்கு உறக்கம் வராத பின்னிரவு வேளையில், இனிய குரலுடைய முஅத்தின்கள் முறைவைத்துப் பள்ளிவாசல் மினாராவிலிருந்து துதிகளை ஓத வேண்டும். அவர்களுக்கு ஊதியம் அந்த வக்ஃபிலிருந்து செல்லும். ‘முஃனிஸுல் மர்ளா’ என அதற்குப் பெயர். நோயாளிகளுக்கு உன்ஸ் அளிப்பவர் என்பது பொருள். விழித்துக் கிடப்பவருக்கு ஊரில் இன்னொருவரும் விழித்திருக்கின்றார் என்பதைத் தெரிவிப்பதற்காகவே ஒரு சொத்தை எழுதிவைத்தவர்கள் இருந்திருக்கின்றனர்.

இவற்றைப் பழம்பெருமையாகப் பேசி மகிழ வேண்டியதில்லை. மலையைத் தாண்டினால் கண்முன்னே நடைபெறும் சான்று உள்ளது. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர்கள் எம்.ஆர். இராஜகோபால், சுரேஷ்குமார் ஆகியோர் முயற்சியில் வலி நிவாரணத்துக்கான ஒரு சங்கம் உருவாயிற்று. தொடக்கத்தில் நோக்கம் புற்றுநோயாளரின் வலியைத் தணிப்பது. மருத்துவமனைக்கு வர இயலாதோரே மிகுதி என்பது விரைவில் புலனாயிற்று. அதிலிருந்து மலப்புறம் மாவட்டத்தில் அண்டை அயலார் வலைப்பின்னலாக ஓர் இயக்கம் விரிந்தது. வாரத்துக்கு இரண்டு மணி நேரமேனும் ஒதுக்க இயன்றவர் எவரும் அதில் சேரலாம். அவர்களுக்கு 16 மணி நேர வகுப்பும், நான்கு நாட்கள் வீடுகளுக்கு உடன்சென்று பெறும் பயிற்சியும் உண்டு. பயிற்சி முடித்த பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து தம் பகுதியில் நெடுநாள் நோயுற்றோரையும் படுக்கையிலாழ்ந்த முதியோரையும் கண்டறிகின்றனர். செவிலியர் வண்டியில் வரும்போது உடன் செல்கின்றனர். மற்ற நாட்களில் தாமே சென்று பேசிவருகின்றனர். அரிசி இல்லாத வீட்டுக்கு அரிசியும், பேச ஆளில்லாத வீட்டுக்குப் பேச்சும் சேர்கின்றன. பணம் பெரும்பகுதி கடைகளிலும் பேருந்து நிலையங்களிலும் வைத்த உண்டியல்களில் விழும் சில்லறையே. கேரள அரசு 2008இல் நோய்த்தணிப்புக்கென ஒரு கொள்கையை அறிவித்து, உள்ளாட்சி அமைப்புகள் வழியே இல்லப் பராமரிப்பை மாநிலமெங்கும் கொண்டுசென்றது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாய் வாழும் மாவட்டம் இதற்கு முன்மாதிரியாயிற்று என்பதும், அங்கு அப்பணி சமய எல்லை பாராமல் நடைபெறுகின்றது என்பதும் நம் கவனத்துக்குரியவை.

சென்னையின் மஹல்லாக்களுக்கு இது இயலாததா? 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது பள்ளிவாசல்கள் திறக்கப்பட்டு அனைத்துச் சமயத்தாரும் தங்கவைக்கப்பட்டனர். இளைஞர்கள் இரவு பகலாகச் சமைத்தனர். கொரோனாக் காலத்தில் உறவினரே தொட அஞ்சிய உடல்களை அவரவர் சமயமுறைப்படி அடக்கம் செய்தவர்களில் முஸ்லிம் தன்னார்வலர் பலர். தியாகராய நகரின் அஞ்சுமன் பல தலைமுறைகளாக அனாதைப் பிள்ளைகளைப் பேணிவருகின்றது. ஆற்றலுக்கோ இரக்கத்துக்கோ பஞ்சமில்லை. பேரிடரும் மரணமும் அழைத்தால் நாம் ஓடிச்செல்கின்றோம். அழைப்பே வராத வீடுகளுக்குச் செல்ல நமக்கு ஓர் ஏற்பாடு இல்லை. நோய் விசாரித்தல் ஒரு முஸ்லிமுக்கு மற்றவர் மீதுள்ள உரிமைகளில் ஒன்றென நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். முதுமை ஒரு நாளில் வந்து மறுநாளில் போகும் நோயன்று என்பதால், ஒருமுறை விசாரித்துவிட்டு வந்தால் அது நிறைவேறிவிட்டதாகக் கொள்கின்றோம்.

மஹல்லாவிடம் சந்தாப் பதிவேடு உண்டு. எந்த வீட்டில் யார் குடும்பத் தலைவர், எந்த ஆண்டு எவர் மறைந்தார் என்பன அதில் உள்ளன. அப்பதிவேட்டில் ஒரு குறை இருப்பதை நிர்வாகிகள் பொறுத்தருள வேண்டும்: அதில் பெண்கள் இல்லை. கணவர் மறைந்தபின் சந்தா மகன் பெயருக்கு மாறுகின்றது. மகன் வெளிநாட்டில் இருந்தால் அவ்வீடு பதிவேட்டில் வெறும் பெயராக எஞ்சுகின்றது. ஆண்களைப் பொறுத்தவரை ஓரளவு கண்காணிப்பு இயல்பாகவே நடக்கின்றது. பின்வரிசையில் நாற்காலியில் அமர்ந்து தொழும் பெரியவர் இரண்டு ஜும்ஆக்களுக்கு வரவில்லையெனில் எவரேனும் கேட்பர். மூன்றாவது மாதம் அக்கேள்வியும் நின்றுவிடும் என்பது வேறு. மூதாட்டியருக்கோ அந்த முதற்கேள்வியும் இல்லை. பெண்கள் பொதுவாக ஆண்களைவிட நெடுநாள் வாழ்கின்றனர். கணவரைவிட வயதில் இளையவர்களாகவும் உள்ளனர். எனவே தனித்து வாழும் முதியோரில் பெரும்பாலோர் பெண்களாகவே இருப்பர். அவர்களைப் பதிவேடு அறியாதிருப்பது சிறிய குறையன்று.

ஆகவே தொடக்கப் பணி, எழுபதைக் கடந்தோரின் பட்டியலைப் பெண்களைக் கொண்டே தயாரிப்பது. இரண்டாவது, அவ்வீடுகளுக்குச் செல்வோரும் பெண்களாக, இயன்றவரை அதே தெருவைச் சேர்ந்தவர்களாக இருப்பது. ஓய்வுபெற்ற ஆசிரியைகள், மக்கள் வளர்ந்துவிட்ட இல்லத்தரசிகள், கல்லூரி மாணவியர் என நம்மிடையே இதற்குரியோர் நிறைந்துள்ளனர். குறித்த நாளில் குறித்த நேரத்தில் செல்வது இன்றியமையாதது. திடீரென வரும் விருந்தாளியைவிட, செவ்வாய் அஸருக்குப் பின் வருவார் என எதிர்பார்க்கத்தக்கவரே பயன் தருபவர். அவ்வெதிர்பார்ப்பு வாரத்தின் ஏனைய நாட்களையும் தாங்குகின்றது. செல்பவர் உபதேசம் செய்யாமல் இருக்க வேண்டும். முதியவர்களிடம் மறுமையைப் பற்றி மட்டுமே பேச வேண்டும் என்றொரு தவறான மரியாதை நம்மிடம் உண்டு. அவர்களோ மீன் விலையையும் பேத்தியின் தேர்வையும் பற்றிப் பேச விரும்புகின்றனர். செவிக்கருவியின் மின்கலம் தீர்ந்திருக்கின்றதா, மூக்குக்கண்ணாடி சரியாக உள்ளதா, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கின்றதா என்பனவும் வருபவர் கண்ணில் படும். உதவியாளர் இருக்கும் வீடாயின் அவரோடும் இரண்டு சொல் பேசுவது நன்று. உருது பேசும் மூதாட்டிக்கு ஜார்க்கண்டிலிருந்து வந்த பெண் வாய்த்தால் இந்தியின் துணையால் இருவரும் நன்றாகவே ஒத்துப்போகின்றனர். தமிழ் மட்டும் அறிந்தவர் வீட்டில் அதே பெண் வாய்பேசாதவளாகிவிடுகின்றாள். ஏஜென்சியிடம் மொழியைக் கேட்டுப்பெற வேண்டும் என்பதை மக்கள் நினைவில் கொள்வதில்லை.

செலவுக்கு ஸகாத்தை நாடலாமா என்று சிலர் கேட்கின்றனர். அத்தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் ஸகாத்துக்கு உரியோரை எட்டு வகையாக வரையறுத்துவிட்டது. வசதியுள்ள வீட்டில் தனித்திருக்கும் மூதாட்டி அவற்றுள் அடங்கமாட்டார். உதவியாளருக்குக் கூலி கொடுக்க இயலாத வறிய முதியவர் அடங்குவார். மற்றவற்றுக்கு ஸதகாவும் வக்ஃபும் உள்ளன. உண்மையில், பட்டியலும் சந்திப்பும் மட்டுமாயின் செலவு ஆட்டோக் கட்டணத்தைத் தாண்டாது. பெரிய தடை வேறிடத்தில் உள்ளது. “எங்கள் தாயைப் பார்த்துக்கொள்ள ஜமாஅத்திலிருந்து ஆள் வருகின்றதா? ஊர் என்ன சொல்லும்?” என மக்கள் தயங்குகின்றனர். ஒரு சந்திப்பு தர்மமாகத் தோன்றினால் அக்கதவு மூடிக்கொள்ளும். எனவே, அவரிடமிருந்து ஏதேனும் ஒன்றைக் கேட்டுச் செல்வதே நுழைவுக்கு ஏற்ற வழி: ஒரு சமையல் முறை, பழைய தெருவின் பெயர்கள், சிறுவர்க்கு ஓதிக்கொடுக்கும் பணி, திருமணப் பேச்சில் ஓர் ஆலோசனை.

மாமியின் வீட்டுக்கு இப்போது அடுத்த தெருவிலுள்ள ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் செவ்வாய்தோறும் வருகின்றார். எவரும் அனுப்பி வந்தவரல்லர். தொதல் ஒரு தட்டில் அவர் வீட்டுக்குச் சென்றதால் தொடங்கிய பழக்கம். ஒரு மணி நேரம் இருப்பார். இருவரும் பெரும்பாலும் கருத்து வேறுபட்டே பேசிக்கொள்கின்றனர். உதவியாளரிடம் சென்ற மாதம் தொலைபேசியில் விசாரித்தேன். “செவ்வாய்க்கிழமைன்னா அம்மாவே சீப்பு எடுத்துக் குடுக்கச் சொல்வாங்க சார். மத்த நாள் நான்தான் கெஞ்சணும்” என்றார்.